பாதியில் அறுத்த வரி

செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். வீடியோ எடுத்தவன்மேல் பழியைப் போட வேண்டாம், அதை நாலு பேருக்கு அனுப்பினவன்மேலும் போட வேண்டாம். அக்பர் அலி பாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டே "சரிங்க பாய்" என்றேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட அந்தச் "சரிங்க பாய்"தான் இத்தனைக்கும் காரணம்.

என் பெயர் ரவிக்குமார். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவென்றாலும் ஸ்பீக்கர் கட்டுவேன். அது பிழைப்பு. ஆசை வேறு. இருபத்து மூன்று வயதில் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். சரக்குப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரின் காரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜமைக்காத் தீவுக்காரர்களின் ரெகே. தாளம் சோம்பேறி மாதிரி ஒரு அடி விட்டு ஒரு அடி விழுகிறது. அடியில் பேஸ் வந்து வயிற்றைப் பிசைகிறது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து அந்த மனிதர் சிரித்து, ஒரு பென்டிரைவ் நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் டப் என்று ஒரு வகை இருந்தது. அதைக் கேட்ட பிறகு நான் பனியன் கம்பெனிக்கு ஆகவில்லை.

டப் என்பது பாட்டை உரிக்கிற வேலை. பாடிக்கொண்டிருக்கும் குரலைச் சட்டென்று அறுக்க வேண்டும். அறுத்த துண்டை எதிரொலியில் போட்டு, அது தேய்ந்து தேய்ந்து சுற்றும்படி விட வேண்டும். டிரம்மும் பேஸும் மட்டும் மிச்சம் இருக்கும். முன்னால் நின்று வாசிக்கிறவர்கள் எத்தனை பேரானாலும், பாட்டை நடத்துகிறவன் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். அதாவது நான். இந்த நினைப்புத்தான் என் தலைக்கு ஏறிப்போயிருந்தது.

அக்பர் அலி பாய் உக்கடத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். ஐம்பத்து நாலு வயது. வியாழக்கிழமை பொழுதிறங்கி மஃரிபுத் தொழுகை முடிந்ததும் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன தர்காவில் பாடுவார். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து தஃப் என்கிற கைப்பறை அடிப்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒயரும் ஸ்க்ரூடிரைவருமாக வாசலிலேயே நின்றேன். பழக்கம் அப்படி. பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் பறை அடிப்பது மதிலுக்கு வெளியில் நின்றுதான். எங்கப்பா அங்கப்பன் நாற்பது வருஷம் அங்கே நின்றுதான் அடித்தார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க கண்ணு. வாசல்ல நின்னுட்டு ஒயரை எப்படி மாட்டுவீங்க" என்றார் பாய்.

அவருக்கு அது ஒரு பெரிய பேச்சே இல்லை. எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்தேன், வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அவர் பாடியது அவரே கட்டிய தமிழ்ப் பாட்டு. அதில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். 'இறைவன் இல்லை, உன்னையன்றி.' அந்த 'இல்லை'யை அவர் பிடித்தால் விடமாட்டார். மேலே, இன்னும் மேலே என்று இழுத்துக்கொண்டு போவார். நமக்குப் பகீரென்று ஆகிவிடும். இந்த ஆள் என்ன இப்படிச் சொல்கிறார், இனி என்னதான் மிச்சம் என்று இருக்கும்போது 'உன்னையன்றி' என்று கீழே வந்து இறங்குவார். தஃப் அத்தனையும் ஒன்றாக விழும்.

அந்த வரிக்கு அங்கே ஒரு கட்டு உண்டு. 'இறைவன் இல்லை' என்று எடுத்தால் 'உன்னையன்றி' வரைக்கும் ஒரே மூச்சு. நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. பாடுகிறவருக்கு மூச்சு போதாவிட்டால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து மிச்சத்தைச் சொல்லி முடித்துவைக்க வேண்டும். யார் வாயிலும் அது பாதியில் நிற்கக் கூடாது. நின்றால், இறைவன் இல்லை என்று சொன்ன ஆளாகிவிடுவார் என்பது அவர்கள் பயம். இதை எனக்கு விளக்கிச் சொன்னது தஃப் அடிக்கிற இல்யாஸ். நான் அதைப் பாட்டுக்காரர்களின் வித்தை என்று எடுத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் பாடிக் காட்டுவது, கை தட்டு வாங்குவது. என் புத்தி அவ்வளவுதான்.

பாயை என் பக்கம் இழுக்க மூன்று வருஷம் ஆயிற்று. ரெகேக்கும் தர்காப் பாட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தால் தெரியும். தஃப்பில் கனத்த அடி ஒன்று, பின்னாலேயே சன்ன அடி இரண்டு. கனத்த அடியை பேஸுக்குக் கொடுத்துவிட்டு, சன்ன அடி விழும் இடத்தில் கிட்டாரைச் சுருக்கமாக வெட்டவிட்டால் ரெகே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் யஷ்வந்த் பேஸ் வாசித்தான். முதல் நாள் என் கடையில் பெரிய ஸ்பீக்கரில் அந்த பேஸைக் கேட்டுவிட்டு, பாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இது உள்ளுக்குள்ள உக்காந்து திக்ரு பண்ற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். அல்லாஹ்வின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏழெட்டு இடத்தில் சேர்ந்து வாசித்தோம். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் நான் குரலை ஏற்றி இறக்குகிற ஃபேடரில் கை வைக்க மாட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு பாடுவார்.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை பாய்க்கு அந்த வரியில் மூச்சு அறுந்தது. மற்றவர்கள் முடித்துவைத்தார்கள். அடுத்த வாரமும் அறுந்தது. மூன்றாவது வாரம் 'இறை' என்பதிலேயே குரல் கரகரத்து நின்றது. சளி என்றார், மழைக்காற்று என்றார், தார்ப்பாய்த் தூசு என்றார். அவர் மனைவி ஃபர்சானா அக்கா சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரல்வளையில் புற்று. மருந்தில் கரைக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். மூச்சு அது வழியாகப் போகும், வரும். பேச்சு வராது. நாள் குறித்துக் கொடுத்தார்கள், பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது பாய் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து அவரே பேச்சை எடுத்தார்.

"கொரலு போறது போகட்டும் கண்ணு. போறதுக்குள்ள ஒருக்கா ஒழுங்காப் புடிச்சு வெச்சுரு. இஸ்மத்துக்கு வேணும்."

இஸ்மத் அவர்களுடைய ஒரே மகள். பெருந்துறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏழு மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அத்தாவைப் பார்க்கக்கூட அவளால் வர முடியவில்லை. பிறக்கிற குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது பாய் ஆசைப்பட்டு வைத்திருந்த காரியம். அது இனி அவரால் ஆகாது. பாட்டையாவது அது கேட்கட்டும் என்றார்.

அவர்கள் வீடு கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சுவர் நெடுக மெத்தையும் தார்ப்பாயும் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மூன்று நாள் காலையில் பதிவு செய்தோம். முதல் இரண்டு நாளும் அந்த வரியில் அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து ஃபர்சானா அக்காவின் குரல் மெதுவாக 'உன்னையன்றி' என்று முடித்துவைத்தது. அது மைக்கில் விழுகிறதே என்று எனக்கு எரிச்சல். சொல்லவும் சொன்னேன். "அப்படியே உடக்கூடாதுங்க ரவி" என்றார் அக்கா, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பாய் எழுந்து நின்று பாடினார். பதினோரு நிமிஷம். எட்டு தடவை அந்த வரி வந்தது, எட்டு தடவையும் ஒரே மூச்சில் முடித்தார். முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்க வேர்வை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கத்தான் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அறுந்ததெல்லாம் அழிச்சுப்போடு கண்ணு. இதொண்ணு போதும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ மேல என்ன போட்டாலும் போட்டுக்க. உன்ற பேஸு, எதிரொலி எல்லாம் போடு. அந்த ஒரு வரியை மட்டும் ரெண்டாக்கீராத. நான் இருந்தா பாத்துக்குவேன். இனி உன்ற கையிலதான் இருக்குது" என்றார்.

"சரிங்க பாய்."

ஃபர்சானா அக்கா வாசல்வரை வந்து, இஸ்மத்துக்கு இதை உடனே அனுப்ப முடியுமா என்று கேட்டார். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் ஒன்று விழுந்திருக்கிறது, சுத்தம் பண்ணி அனுப்புகிறேன் என்றேன். சும்மா அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். ஒரு ஸ்கூட்டர் சத்தத்துக்காக அவளைக் காக்க வைத்தேன்.

பாய் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவிநாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு நிகழ்ச்சி. பாயின் குரலைப் பதிவிலிருந்து விட்டு, யஷ்வந்தும் மற்றவர்களும் மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. பாய்தான் செய்யச் சொன்னார். அறுநூறு பேர் வந்திருந்தார்கள். முதல் மூன்று தடவை அந்த வரியை முழுசாகத்தான் விட்டேன். நாலாவது தடவை 'இல்லை' மேலே ஏறிக்கொண்டே போகிறது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, என் விரல் ஃபேடரின்மேல் இருக்கிறது. இந்த இடத்தில் வெட்டாவிட்டால் நீ என்ன டப்காரன் என்று எனக்குள் ஒரு கிறுக்கு கேட்டது. 'உன்னையன்றி' எங்கேயும் போய்விடாது, கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெட்டினேன்.

'இறைவன் இல்லை. இல்லை. இல்லை. இல்லை.' மண்டபத்தின் நாலு சுவரிலும் பாயின் குரல் சுற்றியது. கீழே பேஸ் விழுந்தது. அறுநூறு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அதை ஒன்றரை நிமிஷம் சுற்றவிட்டேன். பிறகுதான் 'உன்னையன்றி'யைத் திறந்தேன். அது வந்தபோது கத்தின சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியும். கவலைப்படவில்லை. அன்றைக்கு நான் ராஜா.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. செவ்வாய்க்கிழமை யஷ்வந்த் போன் செய்தான்.

"அண்ணா, ஒரு கிளிப் ஓடுது. மூணு லட்சம் பேரு பாத்துட்டாங்க. நீங்க சந்தோசப்படாதீங்க, மொதல்ல பாருங்க."

முப்பத்து நாலு விநாடி. வெட்டின இடத்தில் ஆரம்பித்து, பேஸ் விழுவதோடு முடிந்துவிடுகிறது. 'உன்னையன்றி' அதில் கிடையாது. பாயின் பழைய போட்டோவை, தொப்பியோடு, தாடியோடு, யாரோ ஒருவன் மேலே ஒட்டியிருந்தான். 'பாயே சொல்லிட்டாரு' என்று எழுதிச் சிரிப்புப் படம் போட்டிருந்தான் ஒருவன். ஒருவன் அதற்கு ஜிம்மில் நின்று ஆடியிருந்தான். எங்கே எதை வீசினால் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை; அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பாயின் ஆட்களிலேயே சிலர், இவனெல்லாம் தர்காவில் பாடினானா, இவனுக்கு ஈமான், அந்த இறைநம்பிக்கை, இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

மண்டபத்தில் வாசித்த முழுப் பாட்டையும் நெட்டில் என் பக்கத்தில் போட்டேன், தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள் என்று எழுதினேன். எண்ணி இருநூறு பேர் பார்த்தார்கள். ஒன்றரை நிமிஷம் காத்திருக்க ஒருத்தருக்கும் பொறுமையில்லை. ஊரைத் திட்டி என்ன பிரயோஜனம், ஒரு வரியை முழுசாக விட எனக்கே பொறுமையில்லையே.

பாய்க்குத் தெரியாமல் வைக்கலாம் என்று ஃபர்சானா அக்கா நினைத்திருக்கிறார். நடக்கவில்லை. மூக்கில் உணவுக் குழாய், கழுத்து ஓட்டையில் பிளாஸ்டிக் குழாய், படுத்த படுக்கையாக இருந்த மனிதரிடம் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் போனை நீட்டி, "பாய், இது நீங்கதான" என்று கேட்டிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பெருமையாகத்தான் கேட்டிருக்கிறான். அப்படித்தான் பாய் தன் குரலைக் கேட்டார். போன குரல் அடுத்தவன் போனிலிருந்து இறைவன் இல்லை, இல்லை, இல்லை என்கிறது. முடித்துவைக்க அவருக்கு வாய் அசைந்தது. கழுத்துக் குழாயில் காற்றுதான் வந்தது.

இதையெல்லாம் அக்கா எனக்கு போனில் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. "ஏனுங்க ரவி, அவரு உங்ககிட்ட என்ன சொல்லி உட்டாரு" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை தர்காவுக்குப் போனேன். அவர்கள் பாட்டு வைக்கவில்லை. தஃப்கள் உறைக்குள் கிடந்தன. மன்னிப்புக் கேட்டேன். இல்யாஸ் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதை இன்னும் கொன்றது.

"இங்க அறுந்தா நாங்க அஞ்சு பேரு இருக்கறோம், முடிச்சு வெச்சுருவோம். நீங்க அறுத்து உட்டது ஊருபூரா ஓடீட்டிருக்குது. ஒவ்வொரு போனுக்குள்ளயும் போயி யாருங்க முடிச்சு வெக்கறது" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பதினாறாம் நாள் பாய் வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் தேடி வந்து, உங்கள் எண்ணம் அல்லாஹ்வுக்குத் தெரியும், உங்கள்மேல் குற்றமில்லை, பேச முடியாதவர் இறைவன் ஒருவனே என்று ஒரு விரலைத் தூக்கினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நல்ல மனிதர். ஜமாஅத்தில் கேள்வி கேட்டவர்களையும் அவரே அடக்கினார். எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் குறைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, லேப்டாப்பையும் பதிவு இருக்கிற டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி பாயிடமிருந்து மெசேஜ் வந்தது. இஸ்மத்துக்கு அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் சத்தத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் பாதி ஆளாகிப்போயிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது. மூச்சு விடும்போது அது எழும்பி எழும்பி அடங்கியது. அக்காவை டீ போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் உள்ளே போனதும், தார்ப்பாய் அளவு எழுதுகிற நீள நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

'எல்லாம் அழிச்சிரு.'

எனக்குப் புரியவில்லை. எதை என்றேன். லேப்டாப்பைக் காட்டினார், டிஸ்க்கைக் காட்டினார்.

"பாய், வேண்டாமுங்க. அந்தத் துண்டுல தப்பு. முழுசுல தப்பு ஒண்ணுமில்லீங்களே. ஹஜ்ரத்தே சொல்லிப்போட்டாரு."

அவர் நிதானமாக எழுதினார். 'நான் மவுத்தாகி மண்ணுக்குள்ள போன பொறவும் அது சொல்லீட்டே இருக்கும். அந்தப் பாவம் எம்மேல ஏறும்.'

"வெளிய ஓடறதை நம்மளால அழிக்க முடியாதுங்க பாய். இதை அழிச்சு என்ன ஆகுது."

'அது என் கையில இல்ல. இது இருக்குது. இதை எடுத்து இன்னொருத்தன் வெட்டுவான்.'

"யாருக்கும் தரமாட்டேனுங்க. பூட்டு போட்டு வெக்கறேன். சத்தியமா என்ற கையைத் தாண்டாது."

பாய் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பிறகு எழுதினார். 'வெட்டுனது நீதான.'

ஒன்று மட்டும் கேட்டேன். "இஸ்மத்துக்கு என்னங்க பாய் சொல்றது." அதற்கு அவர் எழுதவில்லை. பேனா முனை நோட்டின்மேல் அப்படியே நின்றது. பிறகு மூடியைப் போட்டார்.

நெட்டில் போட்டிருந்த முழுப் பாட்டை முதலில் எடுத்தேன். வெட்டி வைத்திருந்த துண்டுகளை அழித்தேன். டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தேன். கடைசியாக லேப்டாப்பில் அந்தப் பதினோரு நிமிஷம் மட்டும் மிச்சம் இருந்தது. பாய் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு விரலைக் காட்டினார். ஒருக்கா கேட்கணுமாம்.

வைத்தேன். சத்தமாக வைக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார், இன்னும் உயர்த்தினார். வீடெல்லாம் கேட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டு வாயை அசைத்துக் கூடவே பாடினார். அந்த வரி வரும்போதெல்லாம் கழுத்துத் துணி உயர்ந்து நின்றது. 'உன்னையன்றி' முடிந்த பிறகுதான் அடங்கியது. எட்டு தடவையும் அப்படித்தான். அந்தப் பதினோரு நிமிஷமும் நான் அவரைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை மாதிரி ஒரு பாவி இருக்க முடியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது. எந்தப் பொத்தான் என்று கையால் கேட்டார். காட்டினேன். தார்ப்பாய் தைத்துத் தைத்து நகம் தேய்ந்த விரலால் அவரே அழுத்தினார். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் இன்னொரு தடவை கேட்டது. அதையும் அவரே அழுத்தினார். நான் லேப்டாப்பை மூடினேன்.

ஃபர்சானா அக்கா சமையலறையிலிருந்து வேகமாக வந்தார். ஒரு கையில் போன், முந்தானையில் டீ சிந்தின ஈரம். இந்த மூன்று வாரத்தில் அவர் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அப்போதுதான்.

"ஏனுங்க ரவி, நிறுத்திப்போட்டீங்க. இஸ்மத்தைக் கூப்புட்டு லைன்ல வெச்சிருக்கறேன். அவளுக்குக் கடைசிக் கொஞ்சந்தான் கேட்டுதாமா. அழுதுட்டா. மொதல்லிருந்து வையுங்க."

பாய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது நான்தான்.

"அழிச்சுப்போட்டோமுங்க அக்கா" என்றேன்.

அக்கா பாயைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். கையிலிருந்த போன் இன்னும் லேப்டாப்பை நோக்கித்தான் நீட்டியிருந்தது.

"அம்மா, ஒண்ணுமே கேக்கலைம்மா. போனை இன்னும் பக்கத்துல கொண்டுபோம்மா" என்று இஸ்மத் சொல்லிக்கொண்டிருந்தாள்.